சின்ன ஆபீஸுக்குச் சொந்த மெயில் சர்வர்: லைன் வாங்குவதிலிருந்து பழைய மெயிலை மாற்றுவது வரை

மெயில் சர்வர் அமைப்பது பற்றிய குறிப்புகளில் பெரும்பாலானவை மென்பொருளை நிறுவும் கட்டளையில்தான் தொடங்குகின்றன. உண்மையில் அது பாதி வேலை முடிந்த பிறகு வர வேண்டிய கட்டம். மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸையும், அதைப் பெட்டியில் வைத்துக் காட்டும் டவ்காட்டையும் ஒரே பிற்பகலில் ஓட வைத்துவிடலாம். ஆனால் நீங்கள் அனுப்பும் மெயில் எதிராளியின் இன்பாக்ஸில் விழுமா, ஸ்பேமில் விழுமா, வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுமா என்பதை முடிவு செய்வது உங்கள் இணைய லைனின் ஐபி முகவரியும், டொமைன் பெயரை ஐபியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவுகளும்தான். எனவே அங்கிருந்தே தொடங்குவோம்.

பத்திலிருந்து முப்பது பேர் வரை வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆடிட்டர் ஆபீஸாக இருக்கலாம், பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமாக இருக்கலாம். டொமைன் நம்ஆபீஸ்.இன் என்றும், சர்வரின் பெயர் மெயில்.நம்ஆபீஸ்.இன் என்றும், வெளி ஐபி 203.0.113.25 என்றும், உள் நெட்வொர்க்கில் சர்வரின் முகவரி 192.168.10.5 என்றும் வைத்துக்கொள்வோம். எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்களுடையதைப் போட்டுப் படியுங்கள்.

இது யாருக்கு வேண்டாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரம் ஒருமுறையாவது லாக் பார்க்கவும் அப்டேட் போடவும் ஆபீஸில் ஆள் இல்லையென்றால், தலைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வாங்கும் சேவையே நல்லது. ஆள் இருந்து, கடிதங்கள் நம் கட்டடத்திலேயே இருக்க வேண்டும் அல்லது ஒவ்வொரு புது ஊழியருக்கும் கட்டணம் ஏறக் கூடாது என்ற காரணமும் இருந்தால் மேலே படிக்கலாம்.

லைனும் ஐபியும்

முதல் தேவை நிலையான ஐபி. வீட்டு பிராட்பேண்டில் ஐபி மாறிக்கொண்டே இருக்கும். பல இடங்களில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் ஒரே வெளி ஐபியைப் பகிர்ந்துகொள்வார்கள். அதில் வெளியிலிருந்து எந்த இணைப்பும் உங்கள் சர்வரை எட்டாது. பிசினஸ் லைன் கேட்கும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். நிலையான ஐபி உண்டா? சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் கொடுக்கும் வாசலான 25ஆம் போர்ட் இரண்டு திசையிலும் திறந்திருக்குமா? பிடிஆர் பதிவு போட்டுத் தருவீர்களா?

மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் தடுமாறும். பிடிஆர் என்பது ஐபியிலிருந்து பெயரைக் கண்டுபிடிக்கும் தலைகீழ்ப் பதிவு. டொமைன் வாங்கிய இடத்தில் இதைப் போட முடியாது. அந்த ஐபி யாருடையதோ அவர்தான் போட முடியும், அதாவது உங்கள் இணையச் சேவை நிறுவனம். 203.0.113.25 என்று கேட்டால் மெயில்.நம்ஆபீஸ்.இன் என்று வர வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டால் அதே ஐபி திரும்பி வர வேண்டும். இந்தப் பதிவு இல்லாத ஐபியிலிருந்து போகும் மெயிலை ஜிமெயில் 5.7.25 என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்பும். கால் சென்டரில் எடுப்பவருக்கு இது புரியவில்லையென்றால் நெட்வொர்க் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் வேலை நடக்கும்.

ஐபி கையில் வந்ததும் இரண்டு சோதனைகள். ஆபீஸிலிருந்து டெல்நெட் மூலம் ஜிமெயிலின் ஏதாவதொரு எம்எக்ஸ் சர்வரை (வரும் மெயிலை வாங்கும் சர்வர்) 25ஆம் போர்ட்டில் தொட்டுப் பாருங்கள். 220 என்று தொடங்கும் வரி வந்தால் பாதை திறந்திருக்கிறது. அப்புறம் ஸ்பேமைத் தடுக்க ஐபிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸ் தளத்தில் ஐபியைத் தேடுங்கள். பிபிஎல் என்ற பட்டியலில் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. நேரடியாக மெயில் அனுப்பத் தேவையில்லாத ஐபிகள் என்று கருதப்படும் தொகுதிகள் அதில் இருக்கும். நிலையான ஐபியில் மெயில் சர்வர் வைத்திருப்பவர் நீக்கச் சொல்லி தானே விண்ணப்பிக்கலாம். ஸ்பேம் அனுப்பிய குற்றத்துக்காக வேறு பட்டியலில் இருந்தால், வாதாடாமல் வேறு ஐபி கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஆபீஸுக்குப் பதிலாக வாடகை கிளவுட் சர்வரில் வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூகுள் கிளவுட்டில் வெளியே போகும் 25ஆம் போர்ட் அடைக்கப்பட்டிருக்கும். அமேசானிலும் முதலில் மூடித்தான் இருக்கும், விண்ணப்பித்துத் திறக்க வேண்டும். பணம் கட்டும் முன் விசாரியுங்கள்.

நேரடியாக அனுப்ப வழியே இல்லையென்றாலும் திட்டத்தைக் கைவிட வேண்டாம். வரும் மெயிலை நீங்களே வாங்கிக்கொண்டு, போகும் மெயிலை மட்டும் கட்டணம் வாங்கிக்கொண்டு நம் மெயிலைக் கொண்டுசேர்க்கும் ரிலே சேவை ஒன்றின் வழியாக 587ஆம் போர்ட்டில் அனுப்பலாம். போஸ்ட்ஃபிக்ஸில் ரிலேஹோஸ்ட் என்ற ஒரு வரியும் ஒரு பாஸ்வேர்ட் கோப்பும் போதும். சொல்லப்போனால், சின்ன ஆபீஸுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்தக் கலப்பு முறையைத்தான். மெயிலை வாங்குவது எளிது. நம்பகமான அனுப்புநர் என்று பெயர் எடுப்பதற்குத்தான் காலம் பிடிக்கும்.

பெயர்ப் பதிவுகள்

டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தில் மெயில்.நம்ஆபீஸ்.இன் என்ற பெயருக்கு வெளி ஐபியைக் காட்டும் ஏ பதிவு போடுங்கள். டொமைனுக்கு வரும் மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை இப்போது தொட வேண்டாம். சர்வர் முழுதாகச் சோதனையான பிறகு கடைசியில் மாற்றுவோம்.

ஆபீஸ் நெட்வொர்க் என்பதால் உள்ளே ஒரு சிக்கல் வரும். ஆபீஸுக்குள் இருக்கும் கணினி மெயில்.நம்ஆபீஸ்.இன் என்று கேட்டால் வெளி ஐபி கிடைக்கும். அது ரவுட்டர் வரை போய், அங்கிருந்து உள்ளே திரும்பி வர வேண்டும். பல ரவுட்டர்கள் இப்படித் திரும்பும் இணைப்பை அனுமதிப்பதில்லை. வெளியே போனில் வேலை செய்யும் மெயில், ஆபீஸுக்குள் வந்ததும் நின்றுவிடும். இதற்குத் தீர்வு, உள்ளே கேட்பவர்களுக்கு அதே பெயருக்கு 192.168.10.5 என்று பதில் சொல்லும் ஒரு டிஎன்எஸ். சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளை நிறுவி இந்த ஒரு பெயருக்கு மட்டும் உள்ளூர்ப் பதில் எழுதிவிட்டு, கணினிகளுக்கு முகவரி பங்கிடும் ரவுட்டரின் டிஎச்சிபி அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாக அதைக் கொடுங்கள். அவுட்லுக்கில் 192.168.10.5 என்று எண்ணையே எழுதிவைக்கும் குறுக்குவழி வேண்டாம். சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழில் இருப்பது பெயர், எண் அல்ல; ஒவ்வொரு முறையும் எச்சரிக்கைப் பெட்டி வரும். ஆண்ட்ராய்டு போனில் பிரைவேட் டிஎன்எஸ் போட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த உள்ளூர்ப் பதில் போய்ச் சேராது. ஆபீஸ் வைஃபையில் யாருக்கோ மட்டும் மெயில் வரவில்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள்.

அன்பவுண்டால் இன்னொரு பயனும் உண்டு. பின்னால் ஸ்பாம்ஹவுஸ் பட்டியலை வைத்து ஸ்பேமைத் தடுக்கப்போகிறோம். 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹவுஸ் சரியான பதில் தராது, 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டைத் தரும். அமைப்பைக் கவனமில்லாமல் எழுதியிருந்தால் அந்தக் குறியீட்டையும் ‘பட்டியலில் இருக்கிறார்’ என்றே சர்வர் புரிந்துகொண்டு, வருகிற மெயில் அத்தனையையும் திருப்பி அனுப்பிவிடும். எனவே சர்வரின் சொந்த டிஎன்எஸ் 127.0.0.1 ஆகவே இருக்கட்டும். அன்பவுண்டும் வேறு எங்கும் கேள்வியைத் தள்ளிவிடாமல் தானே வேரிலிருந்து தேடட்டும்.

கணினி

முப்பது பேருக்குப் பெரிய சர்வர் தேவையில்லை. 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண டெஸ்க்டாப் தாராளம். செலவை டிஸ்க்கில் காட்டுங்கள்: ஒரே அளவில் இரண்டு எஸ்எஸ்டி, இரண்டிலும் ஒன்றையே எழுதும் ரெய்டு 1 முறையில். யூபிஎஸ் யூஎஸ்பி கேபிளோடு வருவதாகப் பார்த்து வாங்கி, பேட்டரி தீரும் முன் கணினி தானாக அணையும்படி செய்யுங்கள். மின்வாரியத்தின் பராமரிப்பு நாளில் காலையிலிருந்து மாலை வரை கரண்ட் இல்லையென்றாலும் வரவேண்டிய மெயில் தொலையாது. உங்கள் சர்வர் கிடைக்கவில்லையென்றால் அனுப்பும் சர்வர் அதைத் தன் வரிசையில் வைத்து மறுபடி மறுபடி முயலும். போஸ்ட்ஃபிக்ஸின் வழக்கமான பொறுமை ஐந்து நாள். மெயில் என்ற ஏற்பாடே 1982 முதல் இப்படிக் காத்திருக்கத் தெரிந்ததுதான்.

டெபியன் 13 என்ற லினக்ஸைப் போடுங்கள், வரைகலைத் திரை வேண்டாம். ஹோஸ்ட்பெயர் மெயில்.நம்ஆபீஸ்.இன் என்றே இருக்கட்டும். ரவுட்டரில் 25, 465, 993, 80 ஆகிய போர்ட்களை மட்டும் இந்தக் கணினிக்குத் திருப்பிவிடுங்கள். 110, 143 போன்ற பழைய போர்ட்களை வெளியே திறக்க இன்று ஒரு காரணமும் இல்லை.

சான்றிதழை இப்போதே வாங்கிவிடலாம். சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசம். சர்ட்பாட் என்ற நிரல் அதை வாங்கித் தரும், காலாவதியாகும் முன் தானாகப் புதுப்பிக்கும். 80ஆம் போர்ட் திறந்திருப்பது இதற்காகத்தான். புதுப்பித்த பிறகு போஸ்ட்ஃபிக்ஸையும் டவ்காட்டையும் ரீலோட் செய்யும் சின்ன ஸ்கிரிப்டைச் சர்ட்பாட்டின் டிப்ளாய் கோப்புறையில் போட்டுவையுங்கள். இல்லையென்றால் டிஸ்க்கில் புதுச் சான்றிதழ் இருக்கும், டவ்காட் பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் காலை எல்லாருடைய அவுட்லுக்கிலும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை வரும்.

போஸ்ட்ஃபிக்ஸ்

இது ஐபிஎம் ஆய்வகத்தில் வீட்ஸா வெனமா எழுதி 1998இல் வெளியிட்டது. ஒரே பெரிய நிரலாக இல்லாமல், ஒவ்வொன்றும் ஒரு வேலையை மட்டும் குறைந்த அதிகாரத்தோடு செய்யும் சின்னச் சின்ன நிரல்களாக இருப்பதுதான் இதன் பலம். அமைப்பு இரண்டு கோப்புகளில் இருக்கிறது. மெயின்.சிஎஃப் பொது விதிகளுக்கு, மாஸ்டர்.சிஎஃப் எந்தப் போர்ட்டில் யார் உட்கார வேண்டும் என்பதற்கு.

மைஹோஸ்ட்நேம் என்பதில் பிடிஆரில் உள்ள அதே பெயர் வர வேண்டும். நம்ஆபீஸ்.இன் என்ற டொமைனை மெய்நிகர் டொமைன்களின் வரியில் சேர்த்துவிடுங்கள், மைடெஸ்டினேஷன் வரியில் சேர்க்க வேண்டாம். இரண்டிலும் இருந்தால் லாக்கில் எச்சரிக்கை வரும், மெயிலும் தவறான இடத்துக்குப் போகும். இப்படிச் செய்தால் ஊழியர்களுக்கு லினக்ஸ் கணக்கே தேவையில்லை. மெயில் கணக்குகள் தனிக் கோப்பில் இருக்கும். உங்கள் லைனில் புதிய வகை முகவரியான ஐபிவி6 இருந்து அதற்குப் பிடிஆர் இல்லையென்றால், போஸ்ட்ஃபிக்ஸைப் பழைய வகையான ஐபிவி4இல் மட்டும் பேசச் சொல்லிவிடுங்கள். சில மெயில் போய், சில மெயில் காரணம் தெரியாமல் திரும்பும் வகைப் பிரச்சினைகளில் பல இதனால் வருபவை.

அடுத்தது மைநெட்வொர்க்ஸ். இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இந்த வரியில் இருக்கும் ஐபியிலிருந்து யார் வந்தாலும் பாஸ்வேர்ட் கேட்காமல் உலகில் யாருக்கு வேண்டுமானாலும் மெயில் அனுப்ப விடும். ஆபீஸ் நெட்வொர்க் முழுவதையும், அதாவது 192.168.10.0/24 என்று, போடச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். போடாதீர்கள். ஒரு கணினியில் வைரஸ் வந்தால் ஒரே இரவில் உங்கள் ஐபி எல்லாக் கருப்புப் பட்டியலிலும் ஏறிவிடும். அதைவிட மோசமான இன்னொன்றும் உண்டு. சில ரவுட்டர்கள் வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே அனுப்பும்போது, வந்தவரின் ஐபியை மறைத்துத் தன் முகவரியான 192.168.10.1 என்பதைப் போட்டுவிடும். அப்போது உலகமே உங்கள் சர்வருக்கு ‘உள்ளூர் ஆள்’ ஆகிவிடும். சர்வர் திறந்த ரிலே ஆகிவிடும். ஆக, 127.0.0.0/8 மட்டும் இருக்கட்டும். வெளியிலிருந்து ஒரு சோதனை மெயில் அனுப்பி, லாக்கில் அனுப்பியவரின் உண்மையான வெளி ஐபி பதிவாகிறதா என்று பாருங்கள். ரவுட்டரின் ஐபி தெரிந்தால், முகவரியை மாற்றும் அதன் நாட் அமைப்பைச் சரிசெய்யாமல் மேலே போக வேண்டாம். ஒரு டொமைனின் பெயரில் எந்த ஐபி அனுப்பலாம் என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனையும் பாஸ்வேர்ட் திருடர்களைத் தடுப்பதும் அந்த உண்மையான ஐபியை நம்பித்தான் இருக்கின்றன.

விதிவிலக்கு ஒன்று உண்டு: ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் பழைய ஜெராக்ஸ் மெஷின். அதற்குப் புதிய டிஎல்எஸ் குறியாக்கம் தெரியாது. அதற்கு மட்டும் டிஎச்சிபியில் நிலையான உள் ஐபி கொடுத்து, அந்த ஒற்றை ஐபியை மைநெட்வொர்க்ஸில் சேர்த்துவிடுங்கள்.

மாஸ்டர்.சிஎஃபில் 25ஆம் போர்ட் பிற சர்வர்களுக்கு. அங்கே பாஸ்வேர்ட் உள்நுழைவையே அணைத்துவிடுங்கள். ஊழியர்கள் அனுப்ப 465, முதலிலிருந்தே குறியாக்கத்தோடு, கட்டாய உள்நுழைவோடு. எந்தக் கணக்கு எந்த முகவரியிலிருந்து அனுப்பலாம் என்ற பட்டியலையும் இங்கே கட்டிவிடுங்கள். இல்லையென்றால் கணக்கு தெரிந்த எவரும் முதலாளியின் பெயரில் மெயில் அனுப்ப முடியும்.

மெயில் அளவின் வரம்பு வழக்கமாக 10240000 பைட். இணைப்புகள் மெயிலில் போகும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெருப்பதால், ஏழரை எம்பி கோப்புக்கே இது நிரம்பிவிடும். ஜிமெயிலிலிருந்து 25 எம்பி வரை அனுப்புகிறார்கள் என்பதால் 40 எம்பி என்று வையுங்கள்.

இல்லாத முகவரிக்கு வரும் மெயிலை வாசலிலேயே மறுத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் வாங்கும் பொதுப் பெட்டி வேண்டாம். அது ஸ்பேம் தொட்டி ஆகிவிடும்.

டவ்காட்

மெயிலைப் பெட்டியில் வைப்பதும், அவுட்லுக்குக்கும் போனுக்கும் ஐமேப் என்ற நெறிமுறை வழியாகக் காட்டுவதும், பாஸ்வேர்ட் சரியா என்று போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொல்வதும் இதன் வேலை. இணையத்தில் கிடைக்கும் பழைய டவ்காட் அமைப்புகளை அப்படியே ஒட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். 2025இல் வந்த 2.4 பதிப்பில் அமைப்பின் எழுத்துமுறையே மாறிவிட்டது. டெபியன் 13இல் இருப்பது அதுதான். டெபியன் 12இல் 2.3 இருந்தது. 2.3க்கு எழுதிய கோப்பைக் கொடுத்தால் டவ்காட் எழுந்திருக்கவே மறுக்கும்.

மெயில்டிர் முறையில் சேமியுங்கள். ஒவ்வொரு மெயிலும் தனிக் கோப்பாக இருப்பதால் பேக்கப் எளிது. ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பும். போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை எல்எம்டிபி சாக்கெட் என்ற உள் இணைப்பு வழியாக டவ்காட்டிடம் ஒப்படைக்கட்டும். கணக்குகளை ஒரு சாதாரண உரைக் கோப்பில் வைத்தாலே முப்பது பேருக்குப் போதும், டேட்டாபேஸ் தேவையில்லை. பாஸ்வேர்ட்களைத் திரும்பப் படிக்க முடியாத ஆர்கான்2 ஹாஷாக வையுங்கள். ஊழியர் தேர்ந்தெடுத்தது வேண்டாம். நீங்களே நீளமாக உருவாக்கிக் கொடுங்கள். போனில் ஒருமுறை போட்டால் அப்புறம் யாரும் நினைவில் வைக்கப்போவதில்லை.

ஸ்பேமும் கையெழுத்தும்

ஸ்பேமை வடிகட்ட ஆர்ஸ்பாம்டி, அதன் நினைவுக்கு ரெடிஸ் என்ற டேட்டாபேஸ். இரண்டையும் நிறுவி, போஸ்ட்ஃபிக்ஸின் மில்டர் (வடிகட்டி) வரியில் 11332ஆம் போர்ட்டைக் காட்டுங்கள். வருவதைச் சோதிப்பதும் போவதற்கு, அது உங்கள் டொமைனுடையது என்று காட்டும் டிகேஐஎம் கையெழுத்திடுவதும் இதுவே. 11334இல் ஓர் இணையப் பக்கம் இருக்கும், அதை வெளியே திறக்காதீர்கள். கிரேலிஸ்டிங் என்பது சந்தேகமான மெயிலை ‘கொஞ்சம் கழித்து வா’ என்று திருப்பும் வசதி. வங்கி ஓடிபிக்கும் ஜிஎஸ்டி தளத்தின் ஓடிபிக்கும் காத்திருக்கும் ஆடிட்டர் ஆபீஸில் இதை அணைத்துவிடுங்கள். மெயில் வரும்போது ஓடிபி காலாவதியாகியிருக்கும்.

டிகேஐஎம் சாவியை 2048 பிட்டில் உருவாக்குங்கள். அதன் பொதுப் பகுதியை டிஎன்எஸ்ஸில் டிஎக்ஸ்டி என்ற உரைப் பதிவாகப் போட வேண்டும். டிஎக்ஸ்டியில் ஒரு சரம் 255 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. 2048 பிட் சாவி அதைத் தாண்டும். சில டொமைன் நிறுவனங்களின் பக்கம் தானே பிரித்துக்கொள்ளும், சிலவற்றில் இரண்டு மேற்கோள்களாக நீங்களே பிரித்துப் போட வேண்டும். வெட்டுப்பட்ட சாவிதான் டிகேஐஎம் தோல்விக்கு நான் அதிகம் பார்த்த காரணம்.

எம்எக்ஸ் இன்னும் பழைய சேவையையே காட்டுவதால், எஸ்பிஎஃப் பதிவில் எம்எக்ஸோடு உங்கள் வெளி ஐபியையும் அனுமதித்து, கடைசியில் ‘ஆல்’ என்பதற்கு முன் கழித்தல் குறி (வேறு யாருக்கும் அனுமதி இல்லை) போடுங்கள். ரிலே சேவை வழியாக அனுப்பினால் அவர்களுடைய இன்க்ளூட் வரியும் வேண்டும். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். பழைய சேவையினுடையதை அப்படியே வைத்துக்கொண்டு இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டும் செல்லாது. உள்ளே வரும் டிஎன்எஸ் தேடல்கள் பத்தைத் தாண்டினாலும் அப்படியே.

இந்த இரண்டு சோதனையும் தோற்ற மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கை முதலில், எதுவும் செய்ய வேண்டாம் என்ற ‘நன்’ கொள்கையோடு, அறிக்கை வரும் முகவரியையும் சேர்த்துப் போடுங்கள். பெரிய நிறுவனங்கள் தினமும் எக்ஸ்எம்எல் அறிக்கை அனுப்பும். உங்கள் டொமைன் பெயரில் எங்கிருந்தெல்லாம் மெயில் போகிறது என்று அதில் தெரியும். கணக்கு மென்பொருளோ இணையதளத்தின் தொடர்புப் படிவமோ உங்களுக்குத் தெரியாமல் அனுப்பிக்கொண்டிருந்தால் அங்கே மாட்டும். சில வாரம் பார்த்துச் சரிசெய்துவிட்டு, ஸ்பேமில் போடச் சொல்லும் ‘குவாரண்டைன்’ என்று மாற்றுங்கள்.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் எல்லா அனுப்புநரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம்மையும், சரியான பிடிஆரையும் எதிர்பார்க்கிறது. நாளுக்கு 5000க்கு மேல் அனுப்புபவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் கட்டாயம். நம் ஆபீஸ் அந்த எண்ணிக்கைக்கு அருகில்கூடப் போகாது. ஆனாலும் மூன்றையும் போட்டுவிடுவதுதான் நிம்மதி. இப்போது ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்பி, அங்கே ‘ஷோ ஒரிஜினல்’ பக்கத்தைத் திறந்து, மூன்றுக்கும் ‘பாஸ்’ வருகிறதா என்று பாருங்கள்.

ஊழியர்கள் ஆபீஸ் மெயிலைத் தங்கள் ஜிமெயிலுக்குத் தானாக ஃபார்வர்ட் செய்யக் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். வரும் ஸ்பேமும் சேர்ந்தே போகும். ஸ்பேம் அனுப்பியவர் என்ற பெயர் உங்கள் ஐபிக்கு வரும். போனில் இருக்கும் ஜிமெயில் செயலியிலேயே ஆபீஸ் கணக்கை ஐமேப்பாகச் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

காவலும் நகலும்

சர்வர் வெளியே தெரிந்த சில மணி நேரத்தில் பாஸ்வேர்ட் ஊகிப்பவர்கள் வந்துவிடுவார்கள். திரும்பத் திரும்பத் தவறான பாஸ்வேர்ட் போடும் ஐபியைப் பூட்டும் ஃபெயில்2பேன் போட்டு, டவ்காட், போஸ்ட்ஃபிக்ஸ் இரண்டுக்கும் அதை இயக்குங்கள். ஆபீஸ் நெட்வொர்க்கை அதன் விலக்குப் பட்டியலில் சேர்க்க மறக்க வேண்டாம். இல்லையென்றால் தவறான பாஸ்வேர்ட் போட்ட ஊழியரின் கணினியையே அது பூட்டிவிடும்.

டெபியன் 12 முதல் லாக் எல்லாம் ஜர்னல் என்ற பொதுப் பதிவேட்டில்தான் இருக்கும், பழைய மெயில்.லாக் கோப்பைத் தேடி அலைய வேண்டாம். இந்தியாவில் இருக்கும் நிறுவனம் என்றால், கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் பிறப்பித்த உத்தரவையும் கவனத்தில் வையுங்கள். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஜர்னலின் சேமிப்பு அளவை அதற்கேற்ப உயர்த்துங்கள்.

ரெய்டு பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த மெயில் இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். வேறொரு கணினி தினமும் இரவில் வந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் மூலம் எடுத்துக்கொண்டு போகட்டும். சர்வரே போய் எழுதும்படி வைத்தால், சர்வருக்குள் புகுந்தவன் பேக்கப்பையும் அழித்துவிடுவான். மெயில்டிரோடு அமைப்புக் கோப்புகள், கணக்குக் கோப்பு, டிகேஐஎம் தனிச்சாவி ஆகியவையும் சேர வேண்டும். மாதம் ஒருமுறை யாராவது ஒருவருடைய ஒரு கோப்புறையை மீட்டெடுத்துப் பாருங்கள்.

மாற்றும் வாரம்

எம்எக்ஸ் பதிவை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரமான டிடிஎல்லை இரண்டு நாள் முன்பே 300 விநாடிக்குக் குறையுங்கள். பழைய மெயிலை ஐமேப்சிங்க் என்ற நிரல் மூலம் ஒவ்வொரு கணக்காக இழுத்துவையுங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம், ஏற்கெனவே வந்ததை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் எடுக்கும். சனிக்கிழமை மாலை எல்லாரும் கிளம்பிய பிறகு எம்எக்ஸை மெயில்.நம்ஆபீஸ்.இன் பக்கம் திருப்புங்கள். ஞாயிறன்று ஐமேப்சிங்கை மறுபடி ஓட்டுங்கள், ஏனென்றால் பழைய பதிவை நினைவில் வைத்திருக்கும் சர்வர்கள் சிறிது நேரம் அங்கேயே போட்டுக்கொண்டிருக்கும். திங்கள் காலை முதல் போஸ்ட்ஃபிக்ஸின் வரிசையைக் காலையும் மாலையும் பாருங்கள். தேங்கி நிற்கும் ஒவ்வொரு மெயிலுக்குப் பக்கத்திலும் எதிர் சர்வர் சொன்ன காரணம் இருக்கும். 4இல் தொடங்கினால் தற்காலிக மறுப்பு, விட்டுவிடலாம். 5இல் தொடங்கும் மறுப்பு வந்த மெயில் வரிசையில் நிற்காது, அனுப்பியவருக்கே திரும்பிப்போயிருக்கும்; லாக்கில் அந்த வரியைப் படித்துச் சரிசெய்ய வேண்டும். வரிசை ஒரு வாரம் சுத்தமாக இருந்தால் டிடிஎல்லைப் பழையபடி உயர்த்திவிட்டு, பழைய சேவையை ரத்து செய்யுங்கள்.